ஐந்தாம் தரத்துப் பிள்ளைகளும் மாலை வகுப்பும்

(தோட்டப் பிரிவுகளில் ஐந்தாம் தரப் பிள்ளைகளின் பெற்றோருக்காக நடந்த கூட்டங்களில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துப் போட்டு, கூடையை இறக்கி வைத்த கையோடு வந்திருக்கிறீர்கள். வீட்டில் இன்னும் அடுப்பு பற்ற வைக்கவில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். அதனால் நேரே விடயத்துக்கு வருகிறோம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையைப் பற்றித்தான் பேசப் போகிறோம். நீங்கள் சொல்கிற மாதிரிச் சொன்னால், ஸ்கொலர்சிப்.

லயம் லயமாகப் போகும் போது எந்த இஸ்தோப்பில் உட்கார்ந்தாலும் இதே கேள்விதான் வருகிறது. "ஐயா, எங்க புள்ளய டவுன் ரியூசனுக்கு அனுப்பவா, வேணாமா?" ஒரு தாய் காதுத் தோட்டை அடகு வைத்து ஐந்து மாதத்துக்கு ரியூசன் காசு கட்டியிருக்கிறார். இன்னொரு வீட்டில் தீபாவளி முற்பணத்தில் பாதி அதற்கே போய்விட்டது. சனிக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிற தாய்க்கு அன்றைய பேரும் இல்லை. ரியூசன் காசு, இரண்டு பேருக்கு பஸ் காசு, போட்டோ கொப்பி காசு, நடுவில் பிள்ளை பசிக்குது என்றால் ஒரு பணிஸ். கூட்டிப் பார்த்தால் மாதத்தில் பல நாள் உழைப்பு. பிள்ளைக்காகச் செலவழிப்பதை நாங்கள் குறை சொல்லவில்லை. செலவழித்த காசு எதற்குப் போகிறது என்பதைத்தான் உங்களோடு சேர்ந்து பார்க்க விரும்புகிறோம்.

முதலில் இந்தப் பரீட்சை என்ன என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். பத்து வயதுப் பிள்ளை எழுதுகிற அரசாங்கப் பரீட்சை இது. இரண்டு வினாத்தாள், மொத்தம் 200 புள்ளி. முதலாவது வினாத்தாள் யோசித்துச் செய்கிற மாதிரி: படங்கள், வரிசைகள், கணக்குப் புதிர்கள். அதில் 40 கேள்வி, ஒரு மணித்தியாலம். அப்படியென்றால் ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம். இரண்டாவது வினாத்தாளுக்கு ஒன்றேகால் மணித்தியாலம். அதில் தமிழ், கணிதம், சுற்றாடல் எல்லாம் வரும். பரீட்சையால் இரண்டு பயன் உண்டு. வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த, வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு மாதா மாதம் உதவிப்பணம். மற்றது, ஆறாம் தரத்துக்குப் பெரிய பாடசாலை ஒன்றில் இடம். உதவிப்பணத்துக்கான வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிக்கு மொழி வேறு. பெரிய பாடசாலைகளின் வெட்டுப்புள்ளி அதைவிட வேறு. "பாஸா பெயிலா" என்று ஒரே சொல்லில் கேட்கிற பரீட்சை இது அல்ல. இதைப் பிறகு மறுபடியும் பேச வேண்டி வரும்.

நமது தாத்தா காலத்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. நாட்டில் இலவசக் கல்வி வந்தது 1945ஆம் ஆண்டு. தோட்டத்துப் பள்ளிக்கூடம் அதற்குள் சேரவில்லை. ஒரே மண்டபம், ஒரே வாத்தியார், சத்தமாக வாய்ப்பாடு. கொஞ்சம் எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் பிள்ளை மலைக்குப் போய்விடும். 1970களிலிருந்துதான் அந்தப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுப்பெடுத்தது. இன்றைக்குப் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் படித்து வந்த லயத்துப் பிள்ளைகளே நமது பாடசாலைகளில் ஆசிரியர்களாக நிற்கிறார்கள். அதனால்தான் இன்று காம்பிராவில் உட்கார்ந்து வெட்டுப்புள்ளியைப் பற்றிப் பேசுகிறோம். பேசுகிற நிலைமைக்கு வந்ததே சின்ன விடயமில்லை.

சரி, டவுன் ரியூசனில் என்ன நடக்கிறது? நாங்கள் ஒரு வகுப்பைப் போய்ப் பார்த்தோம். எந்த ஊர், யாருடைய வகுப்பு என்பது வேண்டாம். ஒரு தகரக் கூரை மண்டபத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். மைக்கில் பாடம். மாதிரி வினாத்தாள் ஒன்று கொடுக்கிறார்கள், விடையை வாசிக்கிறார்கள், பிள்ளைகள் சரி பிழை போடுகிறார்கள், அடுத்த வினாத்தாள். முன் வரிசையில் இருந்த பிள்ளைகள் பதில் சொன்னார்கள். நமது பிள்ளைகள் இரண்டு பேர் பின் வரிசையில் இருந்தார்கள். அவர்கள் வாய் திறக்கவில்லை, மற்றவர்கள் சொன்ன விடையைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். வீட்டில் அந்தக் கொப்பியைப் பார்த்த தகப்பன், "பாருங்கய்யா, எல்லாம் ரைட்டு" என்று எங்களிடம் சந்தோஷமாகக் காட்டினார். அவருடைய மகனை அதே கேள்வியை மறுபடி செய்யச் சொன்னோம். பிள்ளை பென்சிலைக் கடித்துக்கொண்டு நின்றான்.

எல்லா ரியூசன் வகுப்பும் இப்படித்தான் என்று நாங்கள் சொல்லவில்லை. கணக்கை விளங்க வைக்கிற நல்ல ஆசிரியர்களும் இருக்கிறார்கள். ஆனால் நூறு பிள்ளைகள் உள்ள இடத்தில், நமது பிள்ளைக்கு எது விளங்கவில்லை என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. அதைக் கண்டுபிடிக்காமல் நூறு வினாத்தாள் செய்தாலும், செய்தது நூறு என்ற கணக்கு மட்டுந்தான் மிஞ்சும்.

அப்படி என்னதான் விளங்கவில்லை? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இன்றைய கூட்டமே இதற்காகத்தான்.

சிறுவர் அபிவிருத்தி நிலையத்தில் சில பிள்ளைகளை வைத்துப் பழைய வினாத்தாள் மாதிரியான கேள்விகளைச் செய்து பார்த்தோம். ஒரு கேள்வி: "பின்வருவனவற்றுள் ஏனையவற்றிலிருந்து வேறுபடுவது எது?" அதற்குக் கீழே கொய்யா, மா, பலா, கரட். ஒரு பையன் 'மா' என்பதன் கீழே கோடு போட்டான். ஏன்டா தம்பி என்று கேட்டோம். "மாங்கா எனக்குப் புடிக்கும் சேர்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அதே கேள்வியை வீட்டுப் பேச்சில் கேட்டோம்: "இதுல மத்ததோட சேராதது எது?" ஒரு நொடி கூட எடுக்கவில்லை. "கரட்டு! அது மண்ணுக்குள்ள காய்க்கும். மத்ததெல்லாம் மரத்துல."

பார்த்தீர்களா? பையனுக்கு விடை தெரியும், காரணமும் தெரியும். கேள்வி என்ன கேட்கிறது என்பதுதான் தெரியவில்லை. 'பின்வருவனவற்றுள்', 'ஏனையவற்றிலிருந்து' என்ற சொற்கள் அவன் பிறந்த நாளிலிருந்து காம்பிராவில் கேட்காத சொற்கள். நீங்களும் பேசுவதில்லை, நாங்களும் வீட்டில் பேசுவதில்லை. புத்தகத்தில் மட்டும் இருக்கிற தமிழ் அது. டவுனில் பத்திரிகை, கதைப்புத்தகம் என்று வீட்டில் கிடக்கிற பிள்ளைக்கு அந்தத் தமிழ் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணில் பட்டுவிடுகிறது. நமது பிள்ளைக்கு அது பரீட்சை மண்டபத்தில்தான் முதல் முதலாக எதிரே வருகிறது. அப்போது ஒன்றரை நிமிடம் போதுமா?

இன்னொரு பிள்ளை, கெட்டிக்காரி. எண்களை 'இறங்குவரிசையில்' எழுதச் சொன்ன இடத்தில் சின்ன எண்ணிலிருந்து எழுதி வைத்திருந்தாள். நாங்கள் அவளை வாசலுக்குக் கூட்டிப் போய், பள்ளத்து லயத்திலிருந்து மேட்டு லயத்துக்குப் போகிற படியைக் காட்டினோம். அடிப்படியில் 1, உச்சிப்படியில் 20 என்று வை. மேலே போனால் ஏறுவரிசை, கீழே வந்தால் இறங்குவரிசை. அதற்குப் பிறகு அவள் அதில் பிழை விடவில்லை. 'அரைவாசி' என்பது பிடிபடாத பிள்ளைக்கு 'அரைப்பேர்' என்றதும் பிடிபட்டது. அம்மாவுக்கு அரைப்பேர் போட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே எங்களுடைய யோசனை இதுதான். ஒவ்வொரு பிரிவிலும் கிழமைக்கு மூன்று நாள் மாலை வகுப்பு வைப்போம். படிப்பிப்பவர்கள் நமது பிள்ளைகளே. உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும் வரை இருக்கிறவர்கள், சாதாரண தரத்தில் தமிழும் கணிதமும் நன்றாகச் செய்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இவர்களைத்தான் நாம் கொழும்புக் கடைகளுக்கு அனுப்பி வைக்கிறோம். ஒரு ஆளுக்கு எட்டுப் பிள்ளைகளுக்கு மேல் கொடுக்க மாட்டோம். அதிபரிடமும் ஐந்தாம் தர வகுப்பாசிரியரிடமும் பேசிவிட்டோம். பாடசாலையில் டீச்சர் சொல்லிக் கொடுத்த முறையை இங்கே மாற்றக் கூடாது, சந்தேகம் வந்தால் அவரிடமே கேட்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். நியாயமான பேச்சு. இரண்டு வழியில் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை நடுவில் முழிக்கும்.

வகுப்பில் ஒரே ஒரு சட்டம். பழைய வினாத்தாளில் ஒரு கேள்வியை எடுத்தால், விடையைக் கேட்பதற்கு முன், "இதுல என்ன கேக்கிறாங்க?" என்று பிள்ளையிடம் கேட்க வேண்டும். பிள்ளை தன்னுடைய பேச்சில் சொல்லட்டும். சொன்ன பிறகுதான் பென்சிலைத் தொட வேண்டும். விளங்காத சொல்லைத் தனிக் கொப்பியில் எழுத வேண்டும். ஒரு வினாத்தாளுக்கு மூன்று மாலை போனாலும் பரவாயில்லை. இப்படிச் சில மாதம் போன பிறகு கைத்தொலைபேசியில் நேரம் வைத்து முழு வினாத்தாள் செய்யலாம். நேரம் வைத்துப் பழகாத பிள்ளை முதல் பத்துக் கேள்வியிலேயே அரை மணித்தியாலத்தைத் தின்றுவிடும். விளங்காத கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகவும் பழக்க வேண்டும். விட்டுப் போவதைப் பிள்ளைகள் பெரிய குற்றம் மாதிரி நினைக்கிறார்கள்.

இனி வீட்டு வேலை. "எங்களுக்கு எழுத்தே தெரியாது, நாங்க என்னா சொல்லிக் குடுக்கிறது?" என்று சில தாய்மார் கேட்கிறீர்கள். நீங்கள் படிப்பிக்க வேண்டாம். கேட்டால் போதும். பிள்ளையை ஒரு பக்கம் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். கடையில் சாமான் சுற்றி வந்த பத்திரிகைத் துண்டாக இருந்தாலும் சரி, கலண்டரின் பின் பக்கமாக இருந்தாலும் சரி. வாசித்து முடித்ததும், "அதுல என்ன போட்டிருக்கு, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். தாய்க்கு விளங்குகிற மாதிரிப் பிள்ளை சொன்னால் பிள்ளைக்கு விளங்கிவிட்டது என்று அர்த்தம். இதற்குப் பதினைந்து நிமிடம் போதும். ரொட்டி சுடுகிற நேரம்.

கணக்குக்கு டவுனுக்குப் போகத் தேவையே இல்லை. உங்கள் கொழுந்துக் கணக்கைப் பிள்ளையிடம் கொடுங்கள். காலையில் 7 கிலோ, மத்தியானம் 9, அந்திக்கு 6. ஒவ்வொரு நிறுவைக்கும் ஒரு கிலோ கழித்தால் மிச்சம் எவ்வளவு? பிள்ளை 22 என்று கூட்டி, 3ஐக் கழித்து 19 என்று சொல்லட்டும். தோட்டம் கேட்கிற அளவு 18 என்றால் மேலதிகம் எத்தனை கிலோ? (கழிவு சரியா பிழையா என்ற பேச்சை நாங்கள் இங்கே எடுக்கவில்லை. அது தலைவர்மார் துரையிடம் பேச வேண்டியது.) இரண்டாவது வினாத்தாளில் வருகிற வசனக் கணக்கும் இதே மாதிரித்தான். சுற்றாடல் பாடமும் அப்படியே. மண் அரிப்புக்கு வடிகான் எதற்கு, மழைக்காலத்தில் அட்டை ஏன் கூடுகிறது, நாற்றுமேடையில் ஏன் நிழல் போடுகிறார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த விடயங்கள். பிள்ளை கேட்டால், "போய்ப் படி, பேசாத" என்று விரட்டாதீர்கள்.

ஆறரை மணியிலிருந்து எட்டு மணி வரை தொலைக்காட்சியை நிறுத்தச் சொன்னால் சண்டை வரும் என்று தெரியும். நாடகம் பார்க்கிற பாட்டிமார் எங்களை மன்னிக்க வேண்டும். ஒரே காம்பிராவில் ஒரு பக்கம் அழுகைச் சத்தம் கேட்க, மறு பக்கம் பிள்ளை படிக்க முடியாது. பக்கத்துக் காம்பிரா சத்தமும் பலகை வழியாக வரும். ஒரு லயமே சேர்ந்து நிறுத்தினால்தான் பலன்.

பரீட்சை நெருங்கும் போது ஒரு வேடிக்கை நடக்கும். "வரப் போற கேள்வி இதுதான்" என்று சொல்லித் தாள் விற்பார்கள். காசு கொடுத்து வாங்காதீர்கள். பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன்பிருந்து ரியூசன் வகுப்பு, கருத்தரங்கு, மாதிரி வினாத்தாள் கொடுப்பது எல்லாவற்றையும் பரீட்சைத் திணைக்களம் தடை செய்கிறது. 1968ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுப் பரீட்சைகள் சட்டம் இதற்கு இருக்கிறது. 2024 செப்டம்பர் 15ஆம் திகதி நடந்த பரீட்சையின் கதை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். முதலாவது வினாத்தாளின் சில கேள்விகள் முன்கூட்டியே வெளியே போய்விட்டன என்று முறைப்பாடு வந்தது. உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், கடைசியில் 3 கேள்விகளுக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுப்புள்ளி கொடுத்தார்கள். பெறுபேறு வர அடுத்த வருடம் ஜனவரி ஆனது. மாதக்கணக்கில் பத்து வயதுப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். பெரியவர்களின் பேராசை எங்கே போய் விழுகிறது பாருங்கள். நமது மாலை வகுப்பும் அந்தத் தடை நாட்களில் நடக்காது. அந்த நாட்களில் பிள்ளை விளையாடட்டும், நேரத்துக்குத் தூங்கட்டும்.

இப்போது பெறுபேறு வருகிற நாளைப் பற்றி. இதைச் சொல்லும் போது சில பேருக்கு மனம் நோகலாம். ஆனாலும் சொல்ல வேண்டும்.

பெறுபேறு வந்த ஒரு நாள் நாங்கள் ஒரு லயத்துக்குப் போனோம். ஒரு காம்பிராவில் லட்டு கொடுக்கிறார்கள். மூன்றாவது காம்பிராவில் கதவு சாத்தியிருக்கிறது. அந்தப் பிள்ளை வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைவு. தகப்பன் குடித்துவிட்டு வந்து, "இனி எதுக்குப் புத்தகம், கடைக்குப் போகட்டும்" என்று பையை வெளியே எறிந்திருக்கிறார். பிள்ளை கொல்லைப் பக்கம் போய் உட்கார்ந்திருந்தது. யாரும் அதை அடிக்கவில்லை. ஆனால் அடுத்த நாள் காலை பிரட்டுக்களத்தில் எல்லோரும் அந்தத் தாயைப் பார்த்து, "எத்தன மார்க்ஸு?" என்று கேட்டார்கள். அந்தப் பிள்ளை எட்டாம் தரத்தோடு நின்றுவிட்டது. அது படிப்பு வராத பிள்ளை அல்ல. 200க்கு அத்தனை புள்ளி எடுத்த பிள்ளையைப் படிப்பு வராத பிள்ளை என்று எப்படிச் சொல்வது? வெட்டுப்புள்ளி குறைவான வேறொரு மாவட்டத்தில் இருந்திருந்தால் அந்த வீட்டிலும் லட்டு கொடுத்திருப்பார்கள்.

வெட்டுப்புள்ளிக்குக் கீழே எடுத்த பிள்ளைக்கு எந்தப் பாடசாலைக் கதவும் மூடுவதில்லை. ஆறாம் தரத்துக்கு வழமை போலப் போகலாம். பாடப்புத்தகமும் வழமை போல வரும். இந்தப் பிள்ளையின் வாழ்க்கையைத் தீர்மானிக்கிற பரீட்சை பதினோராம் தரத்தில் எழுதுகிற சாதாரண தரம். வேலைக்குப் போனாலும் முதலில் கேட்பது அந்தச் சான்றிதழைத்தான். ஐந்தாம் தரத்துச் சான்றிதழை யாரும் கேட்பதில்லை. மாலை வகுப்பில் கேள்வியை வாசித்து விளங்கப் பழகிய பிள்ளைக்கு அந்தப் பழக்கம் அங்கேயும் உதவும். ஆகவே பெறுபேறு வந்த பிறகும் இந்தப் பிள்ளைகளை வகுப்பிலிருந்து விடப் போவதில்லை, ஆறாம் தரத்துக்கும் தொடரும்.

வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்தவர்கள் வீட்டிலும் ஒரு பேச்சு இருக்கிறது. பெரிய பாடசாலை கிடைத்தால் சந்தோஷந்தான். ஆனால் விடுதியில் இடமிருக்கிறதா, இல்லையென்றால் காலை எத்தனை மணி பஸ், மழைக்காலத்தில் கூட்டிக்கொண்டு போய் விட ஆள் யார் என்று முதலிலேயே பாருங்கள். போய்ச் சேர்ந்து இரண்டாம் தவணையில் திரும்பி வந்த பிள்ளையையும் நாங்கள் கண்டிருக்கிறோம். பக்கத்தில் இருக்கிற பாடசாலையில் நன்றாகப் படித்துப் பல்கலைக்கழகம் போன பிள்ளைகளும் நம்மிடையே இருக்கிறார்கள். உதவிப்பணத்துக்கு வருமானத்தைக் காட்ட வேண்டி வரும், சம்பளச் சீட்டுகளைக் கிழித்து அடுப்பில் போடாமல் வையுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலை இடாப்பில் இன்னொரு பெயர் என்று உள்ளவர்கள் இந்த மாதமே எங்களிடம் வாருங்கள். கடைசி நேரத்தில் ஓடினால் நாங்களும் ஒன்றும் செய்ய முடியாது.

வகுப்பு ஏற்பாடுகளைச் சொல்லி முடிக்கிறோம். திங்கள், புதன், வெள்ளி மாலை ஐந்தரை முதல் ஆறரை வரை. இடம் சிறுவர் அபிவிருத்தி நிலையம். அங்குள்ள கதிரைகள் சின்னப் பிள்ளைகளுக்கு உரியவை, ஆகவே ஆளுக்கொரு சாக்கோ பாயோ கொண்டு வர வேண்டும். ஒரு கொப்பி, பென்சில், அழிறப்பர். பழைய வினாத்தாள்களும் தேத்தண்ணியும் நிதியத்தின் செலவில். படிப்பிக்கிற பிள்ளைகளுக்குக் கை வெறுமையாக வேலை வாங்கக் கூடாது என்பது எங்கள் அபிப்பிராயம். முடிந்தவர்கள் சம்பள நாளில் உங்களால் இயன்றதைப் போடுங்கள், முடியாதவர்களிடம் யாரும் கேட்கக் கூடாது. காசு போடாத வீட்டுப் பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்தார்கள் என்று கேள்விப்பட்டால் நாங்கள் சும்மா இருக்க மாட்டோம்.

வகுப்பு விடும் போது இருட்டிவிடும். காட்டு ஓரத்து லயங்களுக்குப் போகிற பிள்ளைகளைத் தனியே அனுப்ப மாட்டோம். அந்தப் பக்கத்துத் தகப்பன்மார் முறை வைத்து ஆளுக்கு ஒரு நாள் டோர்ச்சோடு வர வேண்டும். பெயர்ப் பட்டியலைப் பிள்ளைக்காம்பிரா டீச்சர் வைத்திருக்கிறார். மேட்டு லயத்துக்காரர்கள் முதலில் பெயர் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள், உங்களுக்குத்தான் பாதை தூரம். மற்றவர்கள் கேள்வி இருந்தால் இருந்து கேளுங்கள்.